ஊசலுக்கு ஒரு வழியனுப்பு

ஆகஸ்ட் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, கல்லூரியின் ஒளியியல் ஆய்வகத்தில், போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத மாணவி ஒருத்திக்கு வழியனுப்பு விழா நடந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை அவள் துறைத்தலைவரிடம் கேட்கப் போனது ஒரு சந்தேகம் மட்டுமே. இயற்பியல் இளங்கலையில் கடைசி வருடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவளுடைய சொந்த ஊர்க் கல்லூரியில் காற்றில் மிதக்கும் மேசை ஒன்று வாங்கியிருந்தார்கள். வெளியே லாரி போனாலும் அதன் மேல் வைத்த கருவி அசையாதாம். இங்கே லாரியே வேண்டாம். பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், அவளுடைய பரிசோதனையில் விழும் ஒளி வளையங்கள் கலைந்துவிடும். அந்த மேசைக்காகப் போகலாம். ஆனால் அங்கே பாடத்திட்டம் வேறு. ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும்.

கோடை விடுமுறை முழுக்க இதையே யோசித்தாள். கல்லூரியில் அவளுக்கு 'ஊசல்' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. கேன்டீனில் டீயா காபியா என்று அவள் முடிவெடுப்பதற்குள் இரண்டுமே தீர்ந்துவிடும்.

"சார், ஒருவேளை நான் காலேஜ் மாறினா..."

"மாறுறியா? ரொம்ப சந்தோஷம்மா! வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா வெச்சுடலாம்."

"இல்ல சார், இன்னும் முடிவு..."

"இதுக்கெல்லாம் கூச்சப்படாதே." அவர் அதற்குள் பாதி மாடிப்படி இறங்கியிருந்தார்.

விடுதிக்குத் திரும்பினால் அறைத்தோழி வாசலிலேயே நின்றாள்.

"போறியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி?"

"நான் போறேன்னு யாருடி சொன்னா?"

"வார்டன். உன் கட்டிலுக்கு ஆளே வந்தாச்சு, பாரு."

கட்டிலில் முன்பின் தெரியாத ஒரு பெண், பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ஜன்னல் பக்கம் கொசு வருமா?" என்று கேட்டாள்.

அப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது நல்லது என்று ஊசலுக்குத் தோன்றியது. போன் போட்டாள்.

"அப்பா, சார் பேசினா, நான் யோசிச்சுட்டு இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

"அவர் பேசியாச்சேம்மா. உங்கம்மா தையல் மெஷினை உன் ரூம்லேருந்து வராந்தாவுக்கு மாத்தச் சொல்லிட்டா. தூக்கினதுல எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மகாராணி வரட்டும், வரட்டும்! மழை பெஞ்சா மெஷின் நனையும், நனையட்டும்!"

மறுநாள் துறைத்தலைவரை வகுப்பு வாசலில் மடக்கினாள். "சார், எனக்குப் போகணுமான்னே தெரியல."

"எல்லாருக்கும் கிளம்புற நேரத்துல இப்படித்தான் இருக்கும்மா." அவர் அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, அந்த வகுப்பு முழுவதற்கும் விஷயத்தை அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இனி ஒரே வழி காய்ச்சல்தான். வெள்ளிக்கிழமை காலை போர்வையை இழுத்து மூடிப் படுத்தாள். அறைத்தோழி வெளியே போய்விட்டு வந்து சொன்னாள்: "உனக்கு முடியலைன்னா பரவாயில்லையாம். விழாவை இந்த ரூம்லயே வெச்சுக்கலாம்னு சார் சொல்றார். நாற்காலி எடுத்துட்டு வராங்க."

ஊசல் எழுந்து பல் துலக்கப் போனாள்.

ஆய்வகத்தில் 'சென்று வருக' என்று பேனர் கட்டியிருந்தது. அவள் பெயரைத் தனித் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். துறையின் சார்பில் ஒரு சூட்கேஸ் கொடுத்தார்கள். இழுத்தால் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. துறைத்தலைவர் கையில் குறிப்பு எதுவும் இல்லாமல், எங்கும் தடுமாறாமல், உருக்கமாகப் பேசினார். அறைத்தோழி மேடையேறி இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள்.

"கடைசியா ஒண்ணு," என்றார் துறைத்தலைவர். "இவளோட மேசையை இனிமே செகண்ட் இயர் பொண்ணு பார்த்துக்கும். எல்லாத்தையும் கழட்டிட்டு முதல்லேருந்து மாட்டட்டும்."

ஆய்வக உதவியாளர் அக்கா ஒரு ஸ்குரூ டிரைவரை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

அவளுடைய மேசை என்பது ஒரு கல் பலகை. அடியில் நான்கு சைக்கிள் டியூப்கள். பஞ்சர் கடையில் கெஞ்சி வாங்கிவந்து, எதில் எவ்வளவு காற்று இருந்தால் பலகை ஆடாது என்று போன வருடம் முழுக்க ஊசல் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தவை. மேலே இருந்த கண்ணாடிகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பித் திருப்பித்தான் ஒருநாள் சுவரில் அந்தச் சிவப்பு வளையங்கள் வந்து நின்றன. அன்று அவள் யாரையும் நாற்காலியை இழுக்கவிடவில்லை, தும்மக்கூட விடவில்லை.

அந்தப் பெண் ஸ்குரூ டிரைவரைக் கண்ணாடிப் பிடிப்பில் வைத்தாள்.

"கையை எடு!"

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. ஊசல் பாய்ந்து போய் ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கினாள்.

"யாரும் இதைத் தொடக்கூடாது! காத்துல மிதக்குற மேசையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் எங்கயும் போகல!"

வாழ்க்கையில் ஒரு விஷயத்தை அவள் ஒரே மூச்சில் முடிவு செய்தது அதுவே முதல் முறை.

"அடிப்பாவி," என்றாள் அறைத்தோழி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அப்ப நான் அழுததெல்லாம்?"

"என் கட்டில் என்னடி ஆகும்?"

"அந்தப் பொண்ணு பெட்டியையே இன்னும் திறக்கல. விடு."

துறைத்தலைவர் கோபப்படவில்லை. "அப்படியாம்மா? சரி, கேக்கை வெட்டிடு. கிரீம் உருகுது," என்றார். தொலைபேசியில் அப்பா மட்டும், "அப்ப மெஷினை மறுபடி உள்ள தூக்கணுமா?" என்று கேட்டார்.

எல்லோரும் போன பிறகு, உதவியாளர் அக்கா ஸ்டூலில் ஏறி பேனரைக் கழற்றினாள். ஊசல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. என்னால எல்லாருக்கும் வீண் அலைச்சல்."

"நல்லா மடிம்மா, கசங்கிடாம." பெயர் ஒட்டிய தாளை அக்கா உரித்தெடுத்தாள். அதன் அடியில் போன வருடத்துத் தாளின் பசைத் தடம் இருந்தது. "சூட்கேஸை அந்த அலமாரி மேல வெச்சிடு. அதோட இடம் அதுதான்."

ஊசல் அவளையே பார்த்தாள்.

"கையில இருக்கிற ஸ்குரூ டிரைவரையும் கொடுத்துட்டுப் போ," என்றாள் அக்கா. "முனை மழுங்கினது, ஒரு ஸ்குரூவையும் கழட்டாது. வருஷா வருஷம் சார் அதைத்தான் எடுத்துக் கொடுக்கச் சொல்லுவார்."