மேசை டிராயரில் அரை நிலா

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. மேசை மேல் ஒரு இன்ஜின் படுத்திருந்தது. கணவனும் மனைவியும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் மாதிரி அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். தெருவில் அவருக்குப் படக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ரோடு போட்டுக்கொண்டிருந்தார், எல்லாம் காகிதத்தில். மலைப்பாதை என்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு வளைவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைவார். வளைவுகளெல்லாம் முடிகிற உச்சியில் ஒரு ஏரி உண்டு. அதற்கு நீல மை தீட்டும்போது ஜன்னல் வழியே ஈரக்காற்று வருவது போலிருக்கும் அவருக்கு. அந்த அறையில் ஜன்னலே கிடையாது.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பேச்சு குறைவு. கையில் எது கிடைத்தாலும் ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, லேபிள் ஒட்டி, எண் போட்டுவிடுவாள்.

கல்யாணமான புதிதில், ஒரு மாலை மொட்டை மாடியில் படக்காரர் ஒரு புளுகு விட்டிருந்தார். வாலிபத்தில் மோட்டார் சைக்கிளில் மலை மலையாகச் சுற்றியவராம். சின்னப் புளுகுதான். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்ட அழகில் அது சதை போட்டுவிட்டது. பதினாறு வருடத்தில் அந்தப் பயணத்தில் மழை வந்தது, பனி வந்தது, ஒரு தடவை கரடியும் வந்து ஓரமாக நின்று வழி விட்டது. உண்மை என்னவென்றால், பத்தொன்பதாவது வயதில் சிநேகிதன் வண்டியில் ஏறினார், எட்டடி போனார், ஒரு கோழிக்கூண்டுக்குள் இறங்கினார். கோழிகள் மறந்திருக்கும். அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து பஸ்தான்.

இந்த நிலைமையில்தான் மனைவியின் அண்ணன் ஒரு லாரியில் துருக்குவியல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். தன் மாமனார் வீட்டு ஷெட்டில் சாக்குக்கு அடியில் கிடந்ததாம். மாப்பிள்ளை அந்தக் காலத்தில் ஓட்டிய அதே மாடல் என்பதால் ஞாபகமாக எடுத்து வந்தாராம். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அவருடைய தொண்டையை முன்னிட்டு எல்லோரும் ஹாரன் என்று கூப்பிடுபவர், முன்வரிசையில் நின்றார். படக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இதைத் தன் கையாலேயே பிரித்துச் சேர்த்து, மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, அந்த ஏரிக்கு அழைத்துப் போகப்போவதாக அறிவித்தார். வாய் சொல்லி முடித்த பிறகுதான் மனசுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

ஆனால் வேலை தொடங்கியதும் பயம் எங்கேயோ போய்விட்டது. மாலையில் ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக் கழற்றினால், அவர் வேறு உலகத்துக்குப் போய்விடுவார். மண்ணெண்ணெயில் ஊறிய பல்சக்கரங்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். பிஸ்டன் தலையில் கெட்டியாகப் பிடித்திருந்த கரியைச் சுரண்டச் சுரண்ட, அடியில் வெள்ளி வெளுப்பு தெரியும். அதைப் பார்த்தபடியே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வால்வுக்குத் தேய்ப்புப் பசை தடவி, அதன் தலையில் ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுவார். அந்தச் சரசரப்பில் ரோடு வரும், பள்ளத்தாக்கு வரும், மூடுபனி காதைத் தொட்டுக்கொண்டு போகும். அவர் நகரவே மாட்டார்; பிரயாணம் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

பேரிங்கைக் குளிர வைத்து, இன்ஜின் கூட்டைச் சூடாக்கினால்தான் ஒன்றுக்குள் ஒன்று போகும். எனவே ஃப்ரீசரில் பேரிங், ஓவனுக்குள் இன்ஜின் கூடு. மனைவி இரண்டையும் திறந்து பார்த்தாள். எது எத்தனை மணிக்கு வெந்து முடியும் என்று மட்டும் கேட்டாள். மற்றபடி அவளும் கூடவே உட்கார்ந்தாள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் பாட்டிலில் போட்டு எண் ஒட்டினாள். வண்டியோடு வந்த கிழிந்த கையேட்டை, அவர் கனவு கண்டுகொண்டிருக்கிற நேரத்தில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தாள்.

எட்டாவது மாதத்தில் விபரீதம் நடந்தது. இன்ஜின் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை படக்காரர் மேசையைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு பாட்டில்தான் பாக்கி, எண் நூற்றுப்பன்னிரண்டு. அதற்குள் விரல் நகம் அளவில், அரை நிலா வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு. சுழலும் தண்டில் உள்ள பள்ளத்தில் அதை வைத்து, மேலே சக்கரத்தை மாட்டினால் தீப்பொறி சரியான நேரத்தில் விழும், இன்ஜின் பேசும். பேசினால் ஓட்டச் சொல்வார்கள். கோழிக்கூண்டு கண் முன்னால் வந்து நின்றது. அவர் அரை நிலாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மனைவி காலி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல இருந்தது எங்க?"

"அதைத்தாம்மா நானும் தேடுறேன். எங்கேயோ உருண்டுடுச்சு போல."

"அரை வட்டமா இருக்கறது எப்படிங்க உருளும்?"

படக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. இந்த மாடலுக்கு அந்தத் துண்டு இப்போது யாருமே செய்வதில்லை என்றார். கடல் தாண்டிக் கடிதம் போட வேண்டும், பதில் வர ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்றார். அவள் "ஓ" என்றாள். அவ்வளவுதான். அந்த "ஓ" கொஞ்சம் சின்னதாக இருந்தது என்பதை அவர் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

அதன்பின் வந்த ஏழு வாரம் அவர் வாழ்க்கையிலேயே இன்பமான வாரங்கள். வண்டி முடியவில்லை; ஆனால் முடிந்த மாதிரிதான். அரை நிலா ஆபீஸ் டிராயரில் பத்திரமாக இருந்தது. மதிய வேளையில் அதை எடுத்து, வரைபடத்தில் ஏரிக்கு மேலே வைப்பார். நீலத்தண்ணீருக்கு மேல் பிறை எழும். அவர் வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றுவார். மேலதிகாரி வந்து தோளைத் தட்டும் வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

மனைவிக்கு அந்த வாரங்களில் வேலை கூடிவிட்டதாம். மாலையில் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து கேட்க அவருக்கு நேரமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெகு நேரம் கழித்து அவர் கனவில் போய்க்கொண்டிருந்தார். பதினோராவது வளைவு. இன்ஜின் டப் டப்பென்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. கண் விழித்தார். கனவு நின்றுவிட்டது. டப் டப் நிற்கவில்லை.

ஓடிப்போய் வாசலைப் பார்த்தார். வண்டி தெருவில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. மேலே மனைவி, தலையில் ஹெல்மெட். பக்கத்தில் ஹாரன், கையில் ஸ்பேனர். வண்டியின் பக்கவாட்டில் இன்னொரு விஷயமும் ஒட்டிக்கொண்டிருந்தது: ஒற்றைச் சக்கரம் வைத்த ஒரு தொட்டி, உள்ளே ஒரு மெத்தை, சாப்பாட்டுக்கூடை வைக்க இடம்.

தெரு முழுக்க ஆட்கள் நிற்பதைப் படக்காரர் பார்த்தார். அந்த நொடியிலேயே அவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. நேற்றே லேசாக வலித்தது, சொல்லவில்லை என்று வலது காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினார்.

மனைவி பதறவில்லை. தொட்டியைக் காட்டினாள்.

"அதனால என்னங்க? இதுல கால் நீட்டி உட்காரலாம். ஏறுங்க."

ஹாரன் மரியாதையாகக் கைபிடித்து ஏற்றி, ரைட் கொடுத்தார். வண்டி கிளம்பியது.

முதல் மைல் முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திறந்தார். அவர் வரைந்த ரோடு நிஜமாகவே அங்கே கிடந்தது. வளைவுகள் அவர் பேனா போன மாதிரியே போயின. மரங்களை மட்டும் அவர் வரைந்ததில்லை. அவை இரண்டு பக்கமும் நின்று நிழலை வீசிக்கொண்டிருந்தன. மூடுபனி உண்மையிலேயே காதைத் தொட்டது. தம்முடைய கையால் தேய்த்த பிஸ்டன் உள்ளே ஏறி இறங்குவதை அவர் முதுகெலும்பில் உணர்ந்தார். எதிலே இருந்து பார்க்கிறோம் என்பது கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று.

ஏரி அவர் தீட்டிய நீலத்தைவிட ஒரு சாயல் கறுப்பு. கரையில் யாருமில்லை. அவர் இறங்கி, மறக்காமல் நொண்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார்.

"என்னங்க," என்றாள் மனைவி. "காலையில வலது கால்ல நொண்டுனீங்க."

படக்காரர் நின்றார். இனி எந்தக் காலை எடுத்து வைப்பதென்று தெரியவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டார்.

"கையேட்டைப் படிச்ச அன்னிலேருந்து. இதே வண்டியில இடது காலால கியர் போட்டு மலையேறினேன்னு சொல்வீங்கல்ல. இந்த வண்டிக்கு வலது பக்கம்தான் கியர். இடது பக்கம் பிரேக். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே மலையேறின ஒரே ஆள் நீங்கதாங்க."

மீதியையும் சொன்னாள். தண்டின் பள்ளத்தை அளந்து கொடுத்ததும் லேத் பட்டறைக்காரர் பத்து நிமிடத்தில் புதுத் துண்டு சீவிக் கொடுத்துவிட்டாராம். அவள் மாலைகளில் ஹாரனிடம் ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டாளாம். முந்தின ராத்திரி அவர் தூங்கிய பிறகு ஹாரனும் அவளுமாக இன்ஜினை வண்டியில் ஏற்றி, பழைய தொட்டி ஒன்றையும் பக்கத்தில் மாட்டிவிட்டார்களாம். அவர் சொன்ன மலைக் கதையைப் பதினாறு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததில், அவளுக்கும் ஏரியைப் பார்க்க வேண்டும் போல ஆகிவிட்டதாம். அதில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கோழிக்கூண்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கரடி இல்லாமல் போனதில் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

பிறகு வண்டியைக் காட்டி, ஆள் நடமாட்டமில்லாத இடம்தானே, ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள். பக்கத்துத் தொட்டி இருக்கும் வரை அது சாயாது என்றாள்.

படக்காரருக்குக் கண் கலங்கியது. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தார். எதிரே ஏரிக்கரைப் பாதை, நீளமாக, அவருக்காகவே போட்டது போலக் கிடந்தது. இவ்வளவு நம்பிக்கை வைக்கிற மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார். அவள் தொட்டியிலிருந்து சாப்பாட்டுக்கூடையை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்ஜினை மறுபடியும் கோத்துக்கலாம்," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "சாப்பாடு கொட்டினா ஒண்ணும் பண்ண முடியாதுங்க."