நோர்வேக்காரரின் அரங்கேற்றம்

கோபம் நாளடைவில் ஆறிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு உருப்படியாக ஒரு கோபமும் வந்ததில்லை என்பது என் கருத்து. எனக்கு வந்திருக்கிறது. இத்தனை வருடமாக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெப்பமூட்டி திருத்தப் போகும் வீடுகளில் (அதுதான் என் தொழில்) எங்கேயாவது ஒரு சாக்சபோன் சத்தம் கேட்டால் போதும், கையிலுள்ள குறடு தானாக இறுகும். வீட்டுக்காரர்கள் நான் குழாயை இறுக்குவதாக நினைத்துக்கொள்வார்கள்.

காரணம் ஓர் இசைத்தட்டு. ஐந்து நோர்வேக்காரர்களின் முதல் இசைத்தட்டு. ஜாஸையும் ராக்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிற கூட்டம். ஓர் உருப்படி பத்து நிமிடம் போகும், ஒருவரும் வாய் திறந்து பாடமாட்டார்கள். கிற்றார்காரன் எங்கேயோ அவசரமாக ஓடுவான், சாக்சபோன்காரி அவனை மறிக்கப் பார்ப்பாள், டிரம்ஸ்காரன் இரண்டு பேர் மீதும் கோபமாக இருப்பான். எனக்கு அது உயிருக்கு உயிராகப் பிடித்திருந்தது.

நான் சின்ன வயதிலிருந்து மிருதங்கம் வாசிக்கிறேன். பேர்லினில் மிருதங்கம் வாசிப்பதென்றால் ஊரார் வீட்டுப் பெண்பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மேடை ஓரத்தில் இருந்து வாசிப்பது. புகைப்படக்காரர்களுக்கு ஆடுகிற பிள்ளைதான் கண்ணில் தெரியும். இந்த நகரத்தின் அரைவாசித் தமிழ்க் குடும்பங்களின் அல்பங்களில் என் முழங்கை இருக்கிறது. முகம் ஒன்றிலும் இல்லை.

நொய்கெல்ன் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறையில் வெப்பமூட்டி திருத்தப் போனபோதுதான் இவர்களைக் கண்டேன். ஏழு எண்ணிக்கையில் ஓர் இடம் வராமல் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் குழாயில் தட்டியபடி "தகிட தகதிமி" என்று சொல்லிக் காட்டினேன். கிற்றார்காரன் ஓலா வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். அடுத்த மாதமே நான் அவர்களுடைய விருந்தினர் கலைஞர். முதல் இசைத்தட்டை ஆட்களுக்கு முன்னால் நேரடியாக வாசித்துப் பதிவு செய்வது அவர்கள் திட்டம். அதில் எனக்கு ஒரு தனி ஆவர்த்தனம். அது நன்றாக அமைந்தால் தட்டிலும் வரும், கோடைகாலச் சுற்றுப்பயணத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நான் உடனே என் முதலாளியிடம் போய்க் கோடையில் நான் இருக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். (அவர் ஏதும் நோயா என்று கேட்டார்.) குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேட்டியும் கொடுத்துப் பார்த்தேன். ஜேர்மன் மொழியில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம்.

அந்த நேரம் பார்த்து, பதிவு நடக்கவிருந்த மண்டபத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது. ஓலா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே எழும்பி, "என்னிடம் ஒரு மண்டபம் இருக்கிறது" என்றேன்.

மண்டபம் என் மாமாவிடம் இருந்தது. மாமா என்றால் என் மனைவி வாணியின் அப்பா. ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர். அதற்கு முன்னும் தலைவர், பின்னும் தலைவர்.

"இதுக்கு முதல் ஒண்டும் வெளிவிடேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமா. இதுதான் முதல்."

"சனத்துக்கு முன்னாலை வாசிச்சுக் காட்டப் போகினம்?"

"ஓம்."

"அப்ப அரங்கேற்றம் எண்டு நேராச் சொல்லுமன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும் தம்பி. எல்லாம் நான் பாக்கிறன்."

எல்லாம் நான் பாக்கிறன் என்று மாமா சொன்னால் புத்தியுள்ளவன் எழும்பி ஓடியிருப்பான். நான் இன்னொரு கோப்பை தேநீர் வாங்கிக் குடித்தேன்.

இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. மேலே பிள்ளையார், சுற்றிவரத் தங்கக் கரை, நடுவில் ஐந்து நோர்வேக்காரர்களின் படம். பெயர்களுக்கு முன்னால் செல்வன், செல்வன், செல்வன், செல்வன், செல்வி. (அந்தச் செல்விக்கு இரண்டு பிள்ளைகள்.) நான் சிரித்துவிட்டு ஓலாவுக்கு அனுப்பினேன். அவனுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அந்த இடத்திலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நிகழ்ச்சி. எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று மண்டபக் காவலாளி விரலை நீட்டிச் சொல்லியிருந்தார். ஒலிப்பதிவாளர் ஒஸ்லோவிலிருந்து வந்து மேடை முழுக்க ஒலிவாங்கிகளை நட்டு வைத்தார். சனம் ஐந்தரைக்கு வந்தது. பிறகு விளக்கேற்றினார்கள், தேவாரம் பாடினார்கள், மாமா வரவேற்புரை செய்தார். பிரதம விருந்தினர் பேசினார். சிறப்பு விருந்தினர், பிரதம விருந்தினரைப் பற்றிப் பேசினார். மாமா இரண்டு பேரைப் பற்றியும் பேசினார். திரைக்குப் பின்னால் ஓலா என்னைப் பார்த்து எப்போது என்று சைகையால் கேட்டான். இதோ என்றேன்.

மாமா என்னிடம் வந்தார். ஒலிவாங்கியைக் கையால் மூடக்கூட இல்லை.

"தம்பி, இவையின்ரை தாய் தேப்பன் எங்கை? மேடைக்குக் கூப்பிட வேணும்."

"நோர்வேயிலை மாமா."

"பிள்ளையளின்ரை அரங்கேற்றத்துக்கு வரேல்லையோ? என்ன சனங்களப்பா. சரி, குரு ஆர்?"

"குரு எண்டு ஒருத்தரும் இல்லை. பல்கலைக்கழகத்திலை படிச்சவை."

"குரு இல்லாமல் அரங்கேற்றமோ? சபை சிரிக்கும்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "தகிட தகதிமி சொல்லிக் குடுத்தது நீர்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அறிவித்துவிட்டார். பொன்னாடை வந்தது, மாலை வந்தது. மாமா சொல்லிக் கொடுத்தபடி வெற்றிலை, பழம் வைத்த தட்டை ஐந்து பேருமாகப் பிடித்துக்கொண்டு வந்து என் காலில் விழுந்தார்கள். டிரம்ஸ்காரன் பனை உயரம். அவன் குனிந்து முடியவே நேரம் எடுத்தது. பத்து வருடமாகச் சேர்ந்து வாசிக்கிற ஆட்கள், ஏதோ இரக்கப்பட்டு எனக்கும் ஓர் ஓரம் கொடுத்தவர்கள். நான் பதறி எழும்பித் தடுத்திருக்க வேண்டாமா? நான் வலது கையைத் தூக்கி ஆசீர்வதித்தேன். ஒவ்வொரு தலையாக. வாழ்க்கையில் முதல் தடவையாகப் புகைப்படக்காரர் என்னை முழுதாக எடுத்தார்.

ஏழு மணி தாண்டித்தான் வாத்தியத்தைத் தொட்டோம். ஆனால் தொட்ட பிறகு, சொன்னால் நம்புங்கள், அப்படி ஒரு வாசிப்பு. சாக்சபோன்காரி ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். என் தனி தொடங்கியது. விரல்கள் எல்லாம் சொன்னபடி கேட்டன. முன்வரிசையில் இருந்த பிரதம விருந்தினர்கூடத் தொலைபேசியை மடியில் வைத்துவிட்டார். இன்னும் இரண்டு சுற்று வாசித்து, முடிவுக் கோர்வையான தீர்மானத்தை மூன்று தடவை வைத்தால் தட்டு என்னுடையது, கோடைகாலமும் என்னுடையது.

அப்போது மாமாவின் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது.

"அன்பான மக்களே, சாப்பாடு தயார். மரக்கறி வலப்பக்கம், மச்சம் இடப்பக்கம். முதலிலை பிள்ளையளை விடுங்கோ. திரும்பவும் சொல்லுறன், மரக்கறி வலப்பக்கம், மச்சம் இடப்பக்கம்."

மண்டபத்திலிருந்த கதிரைகள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் இழுபட்டன. நான் நிறுத்தவில்லை. முதுகுகளைப் பார்த்து வாசித்தேன். மச்சப் பக்கத்து ஆட்டிறைச்சிக் கறி வாசத்துக்கு நடுவே தீர்மானத்தின் மூன்றாவது தடவைக்கு வந்தபோது காவலாளி சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிட்டு மின்சாரத்தை நிறுத்தினார்.

மாமாவைச் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"நான் வாசிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான். ஏன் மாமா அப்பிடிச் செய்தனீங்கள்?"

"வாசிச்சால் என்ன? பின்னணிக்கு நல்லாத்தான் இருந்தது. சோறு ஆறினால் நீரோ பதில் சொல்லுறது?"

அன்று நான் சாப்பிடவில்லை. நோர்வேக்காரர்கள் இரண்டு பக்கமும் இரண்டு தரம் சாப்பிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஓலா தொலைபேசி எடுத்தான். தட்டை ஒஸ்லோவில் புதிதாகப் பதிவு செய்துவிட்டார்களாம். என் தனியின் மேல் கதிரைச் சத்தம் ஏறிவிட்டதாம், பிரிக்க முடியவில்லையாம். அதோடு விடவில்லை.

"ஆனால் உன் மாமாவின் குரல் துல்லியமாக வந்திருக்கிறது. அவர் ஏழு எண்ணிக்கையில் பேசுகிறார் என்று உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெண் பார்க்கப் போன அன்றே திரும்பி வந்திருப்பேன்.

தட்டின் கடைசி உருப்படி முழுக்க முழுக்க மாமா. வரவேற்புரையில் தொடங்குகிறார். டிரம்ஸ் சேருகிறது. மரக்கறி வலப்பக்கம் வரும்போது சாக்சபோன் வானத்துக்கு ஏறுகிறது. ஜேர்மன் வானொலியில் ஒருவர் அதைத் தென்னாசியப் பூசகர் ஒருவரின் உள்ளத்தை உலுக்கும் மந்திரம் என்றார். மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பூசகர் இல்லை, தலைவர் எண்டு சொல்லியிருக்க வேணும்" என்றார். கோடைகாலச் சுற்றுப்பயணத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கோவில் திருவிழா இருக்கிறது, ஏலாது என்று மறுத்துவிட்டார். நான் அந்தக் கோடையில், ஒருவருக்கும் தேவையில்லாத நேரத்தில், வெப்பமூட்டி திருத்திக்கொண்டிருந்தேன். தட்டின் உறையில் என் பெயரும் இருக்கிறது. பின்பக்கம், கடைசி வரி. கதிரைகள் ஒழுங்கு செய்தமைக்கு நன்றி.

இப்போது எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் வாணி என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்வது ஒரே மாதிரித்தான். "அப்பா நோர்வேத் தட்டிலை இருக்கிறார் எல்லோ, இவர்தான் அதிலை இல்லாதவர்." சாப்பாட்டு வரிசையில் நின்றால் பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். என் மகள்தான் முதல் ஆள். மரக்கறி வலப்பக்கம், மச்சம் இடப்பக்கம். சாக்சபோன் பகுதியை மச்சான் ஒருவர் மூக்கால் வாசிப்பார். மாமா சாப்பாட்டுத் தட்டும் கையுமாக நின்று தலையாட்டுவார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறுஞ்சோற்றைப் போட்டுக்கொள்வேன். ஆனால் என் இடது கை மட்டும் தட்டின் அடியில் ஏழு எண்ணிக்கையைச் சுத்தமாகப் போட்டுக்கொண்டிருக்கும். மாமாவைக்கூட ஒரு நாள் மன்னிப்பேன் போலிருக்கிறது. அந்தக் கையை மன்னிக்க ஏலாது.