சுவிஸ் சித்தப்பாவின் மகன்

பிரதேச சபை அதிகாரி நல்லரத்தினம் படலையைத் திறந்துகொண்டு வந்த நேரம் பார்த்து, வாவிப்பக்கத்து அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரன் அரைக்காற்சட்டையோடு முற்றத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். வீட்டு மாப்பிள்ளை உதயரூபன் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றான்.

அந்த அறை அவனுடைய உயிர். பெரியகல்லாற்றில் வீடு வளவு என்றால் அது பெண்பிள்ளையின் சீதனம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவன். மனைவி நிருஷாவின் வீட்டில் "இது நான் செய்தது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல உதயரூபனுக்கு இருந்தது அது ஒன்றுதான். நெல் மூட்டை அடுக்கிக் கிடந்த அறையைத் தானே பூசி, தானே தளம் பதித்து, இணையத்தில் போட்டு, உலகத்தையே கல்லாற்றுக்கு இழுத்துவிட்டான்.

ஆனால் ஆள் தங்கவைக்கும் வீடுகளைச் சபையில் பதியவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பதிவதற்கு வீட்டுச் சொந்தக்காரி நிருஷாவின் கையெழுத்து வேண்டும். அவளிடம் போய்க் கேட்டால் அறையும் அவளுடையதாகிவிடாதா? "நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். பதியாவிட்டால் அறையை இழுத்துப் பூட்டிவிடுவார்களாம்.

"ஆக்கள் தங்கியிருக்காங்க போல?" என்றார் நல்லரத்தினம்.

"ஆக்களா? அது எங்கட சொந்தம் ஐயா! சுவிஸில இருக்கிற சித்தப்பாட மகன்."

அவர் அந்த மஞ்சள் தலையை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். "சித்தப்பாட சாயலக் காணல்லியே."

"தாய் சுவிஸ்காரி."

"அப்ப என்ன குடி?"

மட்டக்களப்பில் சொந்தம் என்று வாய் திறந்தால் அடுத்த கேள்வி எந்தக் குடி, அதாவது எந்தக் குலம் என்பதுதானே! உதயரூபன் யோசிக்காமல், "சித்தப்பாட குடிதான்" என்றான்.

"என்ன தம்பி விசர்க் கதை கதைக்கிறீங்க? குடி தாய்வழியிலதானே வாறது. தாய் வெள்ளைக்காரி எண்டா தகப்பன்ட குடி எப்பிடி வந்த?"

போச்சுடா! இந்த ஊரில் பிறந்தவன் செய்கிற பிழையா இது?

"இல்ல ஐயா... கலியாணத்துக்கு முதல் எங்கட ஊர்ப் பொம்பிளை ஒராள் இவர்ட தாயை மகளாத் தத்தெடுத்தவ." எந்தக் குடிப் பொம்பிளை என்று அவர் கேட்க, வாயில் வந்த குடிப் பெயர் ஒன்றைச் சொல்லிவைத்தான்.

நல்லரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "அடடே, அது என்ட குடியெல்லோ! எனக்குத் தம்பி முறை!"

ஓடிப்போய், வாயில் நுரையோடு நின்றவனைக் கட்டிப்பிடித்தார். வெள்ளைக்காரன் மிரண்டுபோய்ப் பிரஷைக் கீழே போட்டான்.

"வெள்ளிக்கிழமை கோயில்ல நம்மட குடித் திருவிழா. தம்பிக்கு வேட்டி கட்டி முன்னுக்கு விடோணும்."

"நாளைக்குப் பயணம் ஐயா."

"திருவிழாவ விட்டுட்டுப் போறதா? நான் விடமாட்டன்."

"அவருக்கு உடம்புக்கு ஏலா..."

"அப்ப எங்கட வீட்டுக்கே கூட்டிப்போறன். நண்டுச் சாறு குடிச்சா எல்லாம் சரியாகும்." சொன்னதோடு நில்லாமல், வெள்ளைக்காரத் தம்பியின் பெண்சாதி உள்ளே இருந்தால் அவளையும் அழைக்கவேண்டும் என்று அறைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆ! என்ன வடிவு! கட்டில்ல கிடந்தாலே வாவி தெரியுதே. சுவர்ப் பூச்சப் பாரன். நிருஷாட அண்ணன் மேசன்தானே? அவன்ட கைவேலையா?"

குடிக் கதை உடைந்தாலும் பரவாயில்லை, அறைக்குப் பூட்டு விழுந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் உதயரூபனால் தாங்க முடியவில்லை.

"அண்ணனா? ஒரு கரண்டி சீமெந்து வேற ஆள் வைக்கல்ல! நான் செய்த அறை ஐயா இது. அவர் சொந்தமுமில்ல, சித்தப்பாட மகனுமில்ல. எங்கேயோ இருந்து என்ட அறையத் தேடி வந்த ஆள்! எழுதுங்க என்ட பேர!"

நல்லரத்தினம் அவ்வளவு நேரமும் அடக்கிவைத்திருந்த சிரிப்பை விட்டார்.

"எழுதிப் பேர்ப் பலகையும் செய்தாச்சு தம்பி. நிருஷா போன மாசமே வந்து கையெழுத்து வச்சிட்டா. அறை நீங்க செய்ததாம், வாசல்ல உங்கட பேர்தான் இருக்கோணுமாம். வண்டியில கிடக்கிற அந்தப் பலகையப் பூட்டத்தான் நான் வந்தன்!"