வெள்ளைப் பாறையடியில் ஒரு கறுப்புக் கல்

என் வீட்டில் எட்டு மாதமாகச் சண்டை இல்லை. கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டில் என்னையும் அதே கண்ணோடுதான் பார்ப்பாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் ஒரு அத்தியாயம் திட்டு, விளக்கை அணைக்க மறந்தால் இன்னொரு அத்தியாயம். அவளுடைய அக்கா இறந்த அன்றோடு எல்லாம் நின்றுபோனது. ஒருநாள் வேண்டுமென்றே ஈரத் துண்டை மெத்தைமேல் விரித்துவைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள்.

நான் பல் செட் கட்டுகிறவன். ஊருக்கெல்லாம் பல் கட்டிச் சிரிக்கவைக்கிறேன். சொந்த வீட்டில் ஒரு பல் கண்ணில் படவில்லை.

அக்காவும் தங்கையும் பள்ளிக்கூட வயதிலிருந்து ஒரு கடற்கரைக்குப் போக ஆசைப்பட்டிருந்தார்கள். வெள்ளைப் பாறைகள் மதில் மாதிரி எழுந்து நிற்கும் கரை. மனிதன் பிறப்பதற்கு முன்னால் வாழ்ந்த பிராணிகள் அங்கே கூழாங்கற்களுக்கு நடுவே கல்லாகிக் கிடக்குமாம். குழந்தைகள், உத்தியோகம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அக்கா போகாமலே போய்விட்டாள்.

"நாம போயிட்டு வரலாம்" என்றேன்.

"ம்" என்றாள்.

அவள் கையில் ஒரு புதைபடிவம் கிடைத்தே தீரவேண்டும் என்று நான் சபதம் எடுத்துக்கொண்டேன். ஆனால் கடலை நம்பி எப்படி இருப்பது? விடுதிக்குக் கீழேயே அதை விற்கும் கடை ஒன்று இருந்தது. அவள் குளிக்கப்போன நேரத்தில் இறங்கி ஓடினேன். நத்தைபோலச் சுருண்ட ஒரு பிராணி, கறுகறுவென்று, பளபளவென்று, என் உள்ளங்கையைவிடப் பெரிதாக. வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை பாறைமேல் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பாறை கடலுக்குள் கால் ஊன்றி வளைந்து நின்றது. அந்த வாசல் வழியாக அலை போய்வந்து கொண்டிருந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் இன்னொருத்திக்கு இடம் விட்டு நிற்பதுபோல் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள். நான் அந்த இடத்தில் போய் நிற்கவில்லை.

படிகளில் இறங்கிக் கரைக்கு வந்ததும், "முட்டி வலிக்குது. நான் இங்க உக்காந்துக்கறேன். நீங்க பாத்துட்டு வாங்க" என்றாள்.

இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய்க் கல்லைப் பாதி தெரியும்படி புதைத்தேன். சந்தேகம் வராமலிருக்க மேலே கொஞ்சம் கடற்பாசியும் தூவினேன். பிறகு கத்தினேன்.

"ஏம்மா! இங்க வாயேன்! கீழ பாத்து வா... இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... அங்கதான், அங்கதான்!"

வந்தாள். குனிந்தாள். எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு பழசுங்க இது?"

"பத்துக் கோடி வருஷமாவது இருக்கும்."

"கடையில எப்ப வாங்கினீங்க?"

"நேத்து."

வாயிலிருந்து வந்துவிட்டது.

"நான் குளிக்கப் போனப்பவா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பாறை வெள்ளை, கல்லு கறுப்பு. கடல் எப்பங்க பாலிஷ் போட ஆரம்பிச்சுது? காலையிலேருந்து உங்க கோட்டு ஒரு பக்கமாத் தொங்குது. தோள்பட்டைதான் இறங்கிடுச்சோன்னு பயந்துட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் முட்டி வலின்னு..."

"ஒளிச்சு வைக்க எடம் தேடித் தவிச்சீங்க. பாவமா இருந்துது."

எனக்குத் தலை நிமிரவில்லை. அப்போது அவள் இடது கையைத் திறந்தாள். உள்ளே சின்னதாக ஒரு நிஜப் புதைபடிவம். இதய வடிவம். மேலே யாரோ விரலால் வரைந்ததுபோல ஐந்து இதழ்.

"நீங்க அங்க புதைச்சிட்டிருந்தப்ப, நான் உக்காந்த எடத்துலயே கிடந்தது" என்றாள். "அக்காவா இருந்தா இந்நேரம் என் கையிலேருந்து பிடுங்கியிருப்பா. 'நான்தான் மொதல்ல பாத்தேன்'னு சத்தியம் பண்ணியிருப்பா."

எட்டு மாதத்தில் அன்றுதான் அக்கா என்ற சொல் அவள் வாயில் வந்தது. பிறகு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கடல் ஏற ஆரம்பித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க தோள் பையைத் திறங்க. இன்னும் நிறைய இருக்கு இங்க."

பொறுக்கிப் பொறுக்கிப் போட்டாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, முகத்தைச் சுளித்துப் பார்த்து, "அடேயப்பா, இது அபூர்வம்" என்று போட்டாள். பை நிறைந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தனை படியும் ஏறினேன். முன்னால் போய்க்கொண்டே அவள் என் கோட்டையும், செருப்பையும், காசைக் கரியாக்கும் புத்தியையும் வழி முழுக்கத் திட்டினாள். கல்யாண ஊர்வலத்தில் போவதுபோல் நான் பின்னால் போனேன்.

விடுதி அறையில் பையை இறக்கி, மூச்சு வாங்க, "இதுல எதும்மா ரொம்பப் பழசு?" என்று கேட்டேன்.

"எல்லாம் வெறும் கூழாங்கல்லுங்க" என்றாள், பல்லெல்லாம் தெரிய.