மாப்பிள்ளை கம்பெனியின் இரண்டாவது ஷாஃப்ட்

பெருமதிப்பிற்குரிய மச்சான் கிருஷ்ணப்பா அவர்களுக்கு,

கோலார் தங்கவயல் ஊரிகத்திலிருந்து சம்பங்கி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை பார்வதம்மாவின் முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே முழங்கால்கள் உட்பட அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நம் நளினி, வேலைக்குப் போகும் ரயிலில் பழக்கம் என்று சொல்லிக் காட்டிய பையன் உதயைப் பற்றிப் போனில் கேட்டீர்கள்: "பெங்களூர்ல தெருவுக்கு நாலு கிளவுட் கம்பெனி கீது. இவன் கம்பெனில மட்டும் இன்னா விசேஷம்?" தாய்மாமன் கேள்விக்குப் பதில் தெரியாமல் பெண்ணைக் கொடுக்க முடியுமா? இன்று ஞாயிற்றுக்கிழமை, பையனை வரவழைத்து, வடைத் தட்டை முன்னால் வைத்துக் கேட்டே விட்டேன். கடைக்காரர்களின் வெப்சைட்டையெல்லாம் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்து ஓட்டுவதுதான் தொழிலாம். "மத்தவங்க ஒரே இடத்துல வெப்பாங்க மாமா. நாங்க ரெண்டு ஊர்ல வெக்கிறோம். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓடும்" என்றான். எனக்குப் புல்லரித்துவிட்டது மச்சான்! சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வருஷக்கணக்காகக் கேஜ் கூண்டில் ஆள் ஏற்றி இறக்கியவன் நான். ஒரு ஷாஃப்ட் அடைத்துக்கொண்டால் மேலே வர இன்னொரு ஷாஃப்ட் இல்லாத சுரங்கத்தில் எவன் இறங்குவான்? என் வடையையும் அவன் தட்டிலேயே வைத்தேன். பையனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "மத்தவங்களுக்கு போன் பண்ணா மிஷின் பேசும், ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு. எங்களாண்ட எப்பவும் மனுஷன்தான் எடுப்பான்" என்றான்.

காலி கேஜை ஒரு தரம் இறக்கிப் பார்க்காமல் நான் ஷிப்டுக்கு ஆள் ஏற்றியதே இல்லை. காபி எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போய், அவன் கொடுத்த கார்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன். மணி எங்கள் கூடத்தில் அடித்தது! "வணக்கம், நான் உதய், எப்படி உதவட்டும்?" காதில் ஒரு தரம், கூடத்திலிருந்து ஒரு தரம். நான் போனைக் கையால் பொத்திக்கொள்ள, "சைட் படுத்துடுச்சா சார்? பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று ஆறுதல் வேறு! உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது.

கம்ப்யூட்டருக்கு இரண்டாவது ஷாஃப்ட் வைத்தவன் தனக்கு வைக்கவில்லையே மச்சான்! ஷிப்டு மாற்ற ஆள் இல்லை. தாலி கட்டும்போது போன் வந்தால் கெட்டிமேளத்தை நிறுத்தச் சொல்வானா? என் பெண் ஒரு போனுக்குச் சக்களத்தியாக வாழ வேண்டுமா? எனக்கு மனசே ஆறவில்லை. ஆனால் நளினி முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் தைரியமில்லை. ஆகவே தாய்மாமனாகிய நீங்கள், "இந்தச் சம்பந்தம் எனக்கு இஷ்டமில்லை" என்று ஒரு கடிதம் போட்டுவிடவும். அவள் உங்கள் மேல் கோபித்துக்கொள்ளட்டும். நீங்கள் குடியாத்தத்தில் பத்திரமாக இருக்கிறீர்கள்.

அக்காவுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
சம்பங்கி

பி.கு.: கவரை ஒட்டுமுன் அந்த நம்பருக்கு இன்னொரு தரம் அடித்தேன். உதய் திரும்பிப் போகும் ரயிலில் இருக்கிறான், டவர் கிடைக்காது, எவரும் எடுக்க மாட்டார்கள், என் முடிவு சரியென்று ஆகிவிடும் என்ற நினைப்பு. எடுத்துவிட்டார்கள். "வணக்கம், நான் நளினி, எப்படி உதவட்டும்?" காதில் ஒரு தரம், பின்கட்டிலிருந்து ஒரு தரம். ஆறு மாதமாக, நமக்குச் சொல்லாமல், அதே கம்பெனியில்தான் வேலையாம். "அவர் எடுக்கலேன்னா எனக்கு வரும்பா" என்கிறாள். உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது மச்சான். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற அக்காவோடு வந்து சேரவும். முகூர்த்த நேரத்தில் இரண்டு பேர் போனும் உங்கள் கையில்தான் இருக்கப்போகிறது. "வணக்கம், நான் கிருஷ்ணப்பா, எப்படி உதவட்டும்?" என்று இப்போதிருந்தே சொல்லிப் பழகவும்.