ஒரு பழம்பொரிக்கு ஒரு வாரம்

மார்த்தாண்டத்தில் பழம்பொரியைக் கண்டு பயந்து ஓடிய ஒரே மனிதர் நோட்டீஸ் சார்தான். என் கண்ணால் பார்த்தேன். டைரியிலும் இருக்கிறது: செவ்வாய்க்கிழமை, மாலை 4.20, மழை இல்லை.

எங்கள் வணிக வளாகத்தின் மேலாளர் அவர். கீழே பத்துக் கடை, மேலே எட்டு. உரிமையாளர் கத்தாரில், தோகாவில். காலியான கடைக்கு ஆள் வைப்பது, சுவர் கசிந்தால் பார்ப்பது, பொது வராந்தாவில் யாராவது பெட்டியை நகர்த்தி வைத்தால் டேப் பிடித்து அளந்து உள்ளே தள்ளச் சொல்வது, எல்லாம் இவர் பொறுப்பு. உரிமம் பெற்ற சர்வேயர். தினமும் இரணியலில் இருந்து ரயிலில் வருவார். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

மற்ற கட்டடங்களில் நோட்டீஸ் என்றால் ‘நாளை தண்ணீர் வராது’ என்றிருக்கும். எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்த பலகையில் அவர் தன்னைப் பற்றியே கைப்பட எழுதி ஒட்டுவார்.

‘அறிவிப்பு. நேற்று நான்காம் எண் பேக்கரியில் ஒரு பழம்பொரி தின்றேன். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். ஆகவே அந்தக் கடை தொடர்பான எந்த முடிவிலும் ஒரு வாரத்துக்கு நான் கலந்துகொள்ள மாட்டேன். மேலாளர்.’

பேக்கரி தங்கராஜ் இதை முதலில் வாசித்தபோது விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாம் முறை வாசித்தபோது சிரிக்கவில்லை. யோசித்தார். அன்று சாயங்காலமே அவருடைய கண்ணாடி அலமாரி ஒன்றரை அடி நகர்ந்து வராந்தாவில் வந்து நின்றது. நோட்டீஸ் சார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஏழு நாளில் மூன்று முறை தூணில் இடித்துக்கொண்டார்.

வாரம் முடிந்ததும் டேப்போடு வந்தார். தங்கராஜ் ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரித் தட்டோடு காத்திருந்தார்.

“சார், சூடா உண்டு. ஒண்ணு தின்னுங்க.”

“வேண்டாம் தங்கராஜ். அலமாரிய உள்ள தள்ளும்.”

“தள்ளுதேன் சார். மொதல்ல தின்னுங்க. நம்ம தோட்டத்து ஏத்தம்பழமாக்கும்.”

“வேண்டாம்னு பறஞ்சேம்லா?”

“ஒரு கடி கடிச்சா போரும் சார்!”

நோட்டீஸ் சார் குடையைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். தங்கராஜ் முன்னேறினார். பிறகு இருவரும் ஓடினார்கள். மேம்பாலத்துக்குக் கீழே திருவனந்தபுரம் பஸ் ஒன்று நின்று இவர்களுக்கு வழிவிட்டது. டிரைவர் தலையை நீட்டி, “லேய், அந்தாளு காசு குடுக்காம தின்னுட்டு ஓடுதாரா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே, திங்கமாட்டேன்னு ஓடுதாரு!” என்றார் தங்கராஜ், ஓடிக்கொண்டே.

மறுநாள் பேக்கரியில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே நோட்டீஸ் சார் அளந்து முடித்துவிட்டார். அலமாரி உள்ளே போயிற்று.

இதில் அவர் தனக்கும் சலுகை காட்டியவர் இல்லை. ஒரு மழை நாளில் தன் ஈரக்குடையை விரித்து வராந்தாவில் காயவைத்தவர் அதை மறந்துவிட்டார். மறுநாள் பலகையில், பொது இடத்தை நாற்பது நிமிடம் ஆக்கிரமித்த மேலாளருக்கு மேலாளரின் எச்சரிக்கை. கீழே ‘பெற்றுக்கொண்டேன், வருந்துகிறேன்’ என்று அவருடைய இன்னொரு கையெழுத்து.

இனி என் கதை. எனக்கு மாடியில் மூக்குக் கண்ணாடிக் கடை. படிகள் இருபத்திரண்டு. கண்ணாடி இல்லாதவர்களுக்குப் படி தெரியாது. படி ஏறாமல் கண்ணாடி கிடைக்காது. பாதிப் பேர் பன்னிரண்டாம் படியில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி, எதிர்ச்சாரியில் தரைத்தளத்தில் இருந்த இன்னொரு கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவார்கள். கீழே மூலைக் கடை காலியாகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு உயிர் வந்தது. அது கிடைத்தால் பிழைப்பேன். கிடைக்காவிட்டால் மார்த்தாண்டத்தை விட்டே போவதாக வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

காலை 9.05-க்கு முதல் ஆளாக விண்ணப்பம் கொடுத்தேன். 11.30-க்கு ஒரு மொபைல் கடைக்காரர் கொடுத்தார். முடிவு நோட்டீஸ் சார் கையில். நான் கவலைப்படவில்லை. பதினோரு வருடத்தில் அவர் என் கடையில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தினமும் மாலை 5.05-க்குப் படியேறி வருவார், வாசலில் நின்றபடியே மாடி விளக்கைப் பார்ப்பார், இரணியலில் ரயில் எத்தனை நிமிடம் தாமதம், என் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று பத்து நிமிடம் பேசுவார், போய்விடுவார். நான் டைரியில் தினமும் எழுதுவேன்: ‘மாலை 5.05. மேலாளர் ஆய்வு. குறை இல்லை.’

நான்காம் நாள் தங்கராஜ் கீழே இருந்து கத்தினார். “கண்ணாடிக்காரரே, எறங்கி வாரும்! பலகையில உம்மப் பத்தி எழுதிக் கெடக்கு!”

இறங்கினேன். ‘மூலைக் கடை தொடர்பான முடிவில் நான் கலந்துகொள்ள மாட்டேன். உரிமையாளரே நேரடியாக முடிவு செய்வார்.’ காரணம் கடைசியில், பொடி எழுத்தில், தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. சொந்த விஷயத்துக்கு அலுவலகத் தாள் இன்னொன்று எடுக்க அவருக்கு மனம் வரவில்லையாம். ‘விண்ணப்பித்தவர்களில் மாடிக் கண்ணாடிக் கடைக்காரர் என் நண்பர்.’

தோகாவில் உரிமையாளர் வீடியோ காலில் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். மொபைல் கடைக்காரர் கண்ணைக் கூசச் செய்யும் விளக்குகளோடு ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். நான் கடையின் நீள அகலம் எழுதிய ஒரு தாள் வைத்திருந்தேன். கடை அவருக்குப் போயிற்று.

அன்று 5.05-க்கு நோட்டீஸ் சார் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். நான் கோபத்தில் குதித்தேன்.

“எனக்கு அந்தக் கடை கெடைக்கணும்னு உங்களுக்கு ஆசை இல்லியா சார்?”

“ஆசை உண்டு. அதனாலதான் ஒதுங்கினேன். ஆசை உள்ளவன் முடிவு பறையப்பிடாது.”

“பதினோரு வருசத்துல எங்கடையில ஒரு சாயா குடிச்சிருக்கியளா? இதுல நண்பனாம்!”

அவர் மாடி விளக்கைப் பார்த்தார். “சாயா குடிச்சிருந்தா ஒரு வாரத்துல தீந்துபோயிருக்கும் கண்ணாடிக்காரரே. இது தீராத கேசாக்கும்.”

அன்று இரவு பழைய டைரிகளை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ‘மேலாளர் ஆய்வு.’ மேல்மாடியில் எட்டுக் கடை இருக்கிறது. மற்ற ஏழு பேரிடமும் விசாரித்தேன். அவர்கள் கடைக்கு ஆய்வு மாதம் ஒருமுறைதான்.

வீட்டில் அந்த ஊர் மாறும் பேச்சை நிறுத்திவிட்டேன். மார்த்தாண்டத்தை விட்டுப் போகவில்லை. படி ஏற முடியாதவர்கள் தங்கராஜின் பேக்கரி பெஞ்சில் உட்காருவார்கள். நான் இறங்கிப் போய்க் கண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டு வருவேன். பெஞ்சு வராந்தாவுக்கு வராமல் இருக்கிறதா என்று நோட்டீஸ் சார் அளந்து பார்த்தார். இதற்கும் ஒரு நோட்டீஸ் போட்டார். நண்பருக்கு உதவும் பெஞ்சு என்பதால், அளக்கும்போது தங்கராஜையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டாராம்.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். மறுநாள் மாலை 5.05-க்குப் படியில் அதே செருப்புச் சத்தம். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒரு சாயா எடும். பின்ன, கண்ணையும் ஒண்ணு பாரும். கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுது.”

சாயா குடித்து முடித்ததும் பரிசோதனை. என் சுவரில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில், அந்த மூலைக் கடை நோட்டீஸைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அதையே காட்டினேன். மேல் வரிகளை வாசித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார்.

“வாசிங்க சார்.”

“எழுத்து ஒண்ணும் தெரியல்ல. ஆனா என்ன எழுதியிருக்குன்னு மனப்பாடம். அதச் சொன்னா உம்ம பரிசோதனை செல்லாது. வேற எழுத்து போடும்.”

போட்டேன். அன்றைய டைரியில் இப்படி இருக்கிறது: ‘மாலை 5.05. நண்பர் வந்தார். குறை இல்லை.’