சிலிக்கா அண்ணனின் சிவப்புக் கிட்டார்

அந்தமானில் வருடத்துக்கு எட்டு மாதம் பெய்கிற மழை மரத்துக்காகவோ மனிதருக்காகவோ பெய்யவில்லை, தன்னுடைய ஒரே ஒரு கிட்டாரைக் கெடுப்பதற்காகத்தான் பெய்கிறது என்று மனப்பூர்வமாக நம்பும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் மாடி வீட்டில் இருக்கிறார். இதைப் படித்தால் வருத்தப்படுவாரோ என்று இரண்டு நாள் யோசித்தேன். வருத்தப்பட மாட்டார். பத்திரிகை நனையாமல் வந்ததா என்றுதான் கேட்பார்.

பத்துபஸ்தியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ். கீழ் வீட்டில் நாங்கள் மாசி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் பெங்காலி அம்மா, நடுவில் நாங்கள், மேலே அவர். என் கணவருக்குத் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். மீதி இருப்பது நான், என் மகள் மீனு, அப்புறம் என் பயங்கள்.

மாடிக்காரருக்குத் துறைமுக ஸ்டோரில் வேலை. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடும்பம். நிக்கோபாரி நண்பர்களோடு சுற்றிச் சுற்றிக் கிட்டார் பழகியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கிட்டாருக்கே எடம் பத்தல," என்பார். புதுச் செருப்பிலும் பையிலும் ஈரம் சேராமல் இருக்கச் சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்று போட்டிருப்பார்களே, 'தின்னாதே' என்று எழுதி, அதற்குள் இருப்பது சிலிக்கா. எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் அவருக்குத் தெரியாமல் செருப்பு வாங்கிவிட முடியாது. படியிலேயே மறித்துவிடுவார்.

"செருப்பு ஜோரா இருக்கு. டப்பாவுல பொட்டலம் இருந்துச்சா?"

மீனு பிறந்து வீட்டுக்கு வந்த அன்று எல்லோரையும் போல அவரும் பார்க்க வந்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த என் சத்து மாத்திரை டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இது முடிஞ்சா தூக்கிப் போட்டுறாதீங்க. அடியில ஒரு பொட்டலம் கெடக்கு." தொட்டிலுக்குள் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். அன்று முதல் எனக்கு அவர் சிலிக்கா அண்ணன். ஊருக்கு அதற்கும் முன்பிருந்தே.

இத்தனையும் எதற்கென்றால், அந்தச் சிவப்பு எலக்ட்ரிக் கிட்டாருக்காக. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்தது. சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் முழுக் கட்டை. இது அப்படியல்ல. நடுவில் மட்டும் கட்டை, இரண்டு பக்கமும் உள்ளே காலி. மேல் பலகையில் வயலினில் இருப்பதுபோல வளைந்த இரண்டு ஓட்டைகள். இதை அவர் மாசிக்கு ஒருமுறை பொறுமையாக விளக்கினார். மாசி கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் காலி, நடுவில் கட்டை. என் வீட்டுக்காரரும் இதே மாடல்தான்," என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு மீன் கழுவப் போனார்.

ஓட்டை வழியாக உள்ளே ஈரம் போகிறது என்று அவர் அதன் வழியாகவே பொட்டலங்களைத் திணித்து வைத்தார். ஒரு பொட்டலம் உள்ளே பிரிந்தது. நீல மணிகள் முழுவதும் கிட்டாருக்குள். ஒரு ஸ்வரம் வாசித்தால் கூடவே கிலுகிலுப்பைச் சத்தம். மூன்று நாள் படியில் உட்கார்ந்து கிட்டாரைத் தலைகீழாகக் குலுக்கினார். ஒவ்வொரு மணியாக உதிர்ந்து மூன்று மாடியும் வழுக்கியது. தபால்காரர் கைப்பிடியைக் கட்டிப் பிடித்தபடி வந்து போனார். பொறுக்கிய மணிகளைச் சிலிக்கா அண்ணன் வாணலியில் போட்டு வறுத்தார். ஈரம் குடித்தால் நீலம் ரோஜா நிறமாகும், வறுத்தால் மறுபடி நீலமாகும். மாசி எட்டிப் பார்த்து என்ன வறுக்கிறாய் என்று கேட்டதற்கு, "பாரிஷ்," என்றாராம். மழையை வறுக்கிறாராம்.

இன்னொரு முறை கிட்டாரின் குமிழ் ஒன்றின் வயர் கழன்று உள்ளே போய்விட்டது. பின்பக்கம் மூடி கிடையாது. எதுவானாலும் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும், அதே வழியாகத்தான் திரும்ப அனுப்ப வேண்டும். மீன் தூண்டில் நைலானில் கொக்கி கட்டி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஒரு பகல் முழுவதும் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அரே சிலிக்கா, கித்னா படா மச்லி?" எவ்வளவு பெரிய மீன் என்று மாசி.

வாயில் டார்ச் இருந்ததால் அவர் பதில் சொல்லவில்லை. மாசி வாழ்க்கையில் வாதத்தில் வென்றது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

காலையில் முதல் விமானம் இறங்குவதற்கு முன் வாசித்துவிடுவார். வாசித்தால் ஆம்ப்ளிஃபையர் பெட்டி எங்கள் கூரையில் உறுமும். கட்டடத்தில் எல்லோரும் முறை வைத்துப் போய்ச் சண்டை போட்டார்கள். நான் மட்டும் போகவில்லை. மீனுதான் எழுந்திருக்கவே மாட்டாளே. மேலே கிட்டார் உறுமும், அப்புறம் விமானம் ஜன்னலை ஆட்டிக்கொண்டு இறங்கும். அவள் தூங்குவாள்.

"தங்கமான பிள்ளைடி, தொந்தரவே இல்ல," என்றார் என் அம்மா, போனில்.

"ஆமாம்மா," என்றேன். வைத்துவிட்டு, மீனுவுக்குப் பின்னால் போய்த் தட்டைத் தட்டினேன். திரும்பினாள். நிம்மதியாக இருந்தது. உடனே, என் நிழலைப் பார்த்துத் திரும்பினாளோ என்று தோன்றியது. மறுபடி தட்டினேன். திரும்பவில்லை. தூக்கம் வருகிறதோ? பிறந்தபோது செய்த காதுச் சோதனையில் ஏதோ சரியாக வரவில்லை, சளியாக இருக்கும், பிறகு பார்க்கலாம் என்றிருந்தார்கள். பிறகு என்றால் எப்போது? கேட்டால் அதிகம் பயப்படுகிறேன் என்று நினைப்பார்களோ? இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

ஒரு நாள் காலை மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கொறைச்சிட்டேன் தங்கச்சி. இந்தா, கொறைச்சாச்சு."

"கொறைக்க வேணாம்ண்ணே. கூட்டுங்க."

அவர் திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "என்னா?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ சத்தமா வைங்கண்ணே."

"கேலி பண்றீங்களா?"

அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவில் சொன்னது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

மீனுவைப் பாயில் படுக்க வைத்தேன். மாசியும் வந்து நின்றார். அவளுக்குத் தெரியாத பக்கத்தில் பெட்டியை வைத்து அவர் தந்தியை ஓர் இழுப்பு இழுத்தார். பாத்திர அலமாரியில் டம்ளர்கள் விழுந்தன. மீனு துள்ளினாள், கைகாலை ஆட்டிச் சிரித்தாள்.

"சுன் லியா! பச்சி நே சுன் லியா!" என்று மாசி என்னைக் கட்டிக்கொண்டார். கேட்டுவிட்டது! நானும் அவரைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவு சந்தோஷம்.

சிலிக்கா அண்ணன் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். "இல்ல. இது காதால கேட்டதில்ல. தரை ஆடுது, பாய் ஆடுது. நானா இருந்தாலும் துள்ளுவேன். வெளங்குதா?"

"பாகல்!" பைத்தியமே என்று மாசி கத்தினார். "குழந்தைக்குச் சந்தோஷம், தாய்க்குச் சந்தோஷம். உனக்கு என்ன தக்லீஃப், என்ன கஷ்டம்?"

அவர் எங்கள் வீட்டு மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் அடுக்கி, பெட்டியை அதன் உச்சியில் கல்யாணப் பெண்போல உட்கார வைத்தார். அதே இடம், அதே இழுப்பு. தரையில் சிறு அசைவுகூட இல்லை. மீனு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி வாசித்தார். விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூசு படாமல் வைத்திருக்கும் அந்தக் கிட்டாரை அவர் வெறும் தரையில் கிடத்தினார். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க தங்கச்சி. நான் சொன்னது தப்பா இருந்தா எனக்குச் சந்தோசம்."

எல்லோரும் என் பயத்தைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்தார்கள். அவர் ஒருவர்தான் அதை நம்பினார்.

தப்பாக இல்லை. இங்கே பார்த்து, மெயின்லேண்டுக்கும் போய்ப் பார்த்தோம். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. ஆனால் இப்போதே கருவி போட்டால் பேச்சு கேட்கும், அவளுக்கும் பேச்சு வரும், விடாமல் போட வேண்டும் என்றார் டாக்டர். 'விடாமல்' என்ற வார்த்தையை நோட்டில் மூன்று முறை அடிக்கோடிட்டேன். பெரியவர்களின் கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு கருவிகள், காதுக்குப் பின்னால் மாட்டுவது, மெல்லிய குழாய், காதின் அச்செடுத்துச் செய்த மிருதுவான அடைப்பான். அவற்றைக் கையில் ஏந்தி நான் விமானத்திலிருந்து இறங்கும்போது போர்ட் பிளேரில் மழை.

மூன்றாம் நாள் கருவி ஒன்று செத்துவிட்டது. மாடிக்கு ஓடினேன்.

"யாரு சொன்னா செத்துப்போச்சுன்னு? வேர்த்திருக்கு," என்றார். தன் கிட்டார்ப் பெட்டியைத் திறந்தார். வருடக்கணக்காகச் சேர்த்த நீல மணி முழுவதையும், உறவினருக்குப் பாகம் பிரித்துக் கொடுப்பதுபோல அல்ல, அப்படியே கவிழ்த்து ஒரு மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் கொட்டினார். "ராத்திரி கழட்டினதும் இதுக்குள்ள. மணி ரோசாவானா எங்கிட்டக் குடுங்க, வறுத்துத் தரேன்." மறுநாள் காலை கருவி உயிரோடு இருந்தது. வாழ்க்கையில் தான் செய்த மிகப் பெரிய கச்சேரி இதுதான் என்று அவர் இன்றும் சொல்கிறார்.

அப்புறம் கருவி விசிலடிக்க ஆரம்பித்தது. மீனு சாய்ந்தால் விசில், நான் முத்தம் கொடுத்தால் விசில். கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு உயிரே போயிற்று. அவர் வந்து கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஃபீட்பேக்கு! என் கிட்டாரும் இப்பிடித்தான் ஊளையிடும். காதுக்குள்ள போற சத்தம் ஓரமா ஒழுகி, திரும்ப மைக்குக்கே வருது. பாப்பா வளந்துட்டா, அடைப்பான் லூசு. புது அச்சு எடுக்கச் சொல்லுங்க." டாக்டரும் போனில் அதையேதான் சொன்னார், கொஞ்சம் குறைந்த சந்தோஷத்தோடு.

மீனுவுக்கு ஒன்றேகால் வயதானபோதுதான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், மாடியில் சிலிக்கா அண்ணன் வீட்டில். அவள் அவர் மடியில், கிட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது காதுக் கருவியைப் பிடுங்கினாள். நிதானமாக, தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல, கிட்டாரின் ஓட்டைக்குள் போட்டாள்.

"அண்ணே..."

"யாரும் ஆடாதீங்க."

கிட்டாருக்குள்ளிருந்து மெல்லிய விசில் வந்தது. "உசுரோட இருக்கு," என்றார்.

சத்தம் கேட்டு மேலேறி வந்த மாசி உடனே தீர்ப்புச் சொன்னார். "ஹிலாவோ! அன்னிக்கு மூணு நாள் குலுக்கினியே, இப்பவும் குலுக்கு!"

"மணி வேற, காது வேற மாசி."

நைலானும் கொக்கியும் வந்தன. டார்ச் வாய்க்குப் போயிற்று. ஒரு மணி நேரம் துழாவினார். கருவியின் குழாய் உள்ளே வயர்களில் சிக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தார், நிறுத்தினார். "இழுத்தா கொழா கிழியும்." எழுந்து உள்ளே போனவர் ஆக்சா பிளேடோடு வந்தார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"வேணாம்ண்ணே! கிழிஞ்சா கிழியட்டும். மெயின்லேண்டுக்கு அனுப்பி வாங்கிக்கலாம். ரெண்டு மூணு வாரம்தானே!"

"மூணு வாரம் இவ என்னா பண்ணுவா?"

அவர் அறுத்தார். மழைக்கும் உப்புக் காற்றுக்கும் தபால்காரரின் கைக்கும் காட்டாமல் வைத்திருந்த அந்தச் சிவப்புப் பலகையை, ஓட்டையின் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு. நான் மீனுவின் கைகளைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். திரும்பியபோது கருவி அவர் உள்ளங்கையில், குழாயோடு முழுசாக விசிலடித்துக்கொண்டிருந்தது.

பனியனில் துடைத்து என்னிடம் கொடுத்தார். "ஜாடியில போடவே தேவையில்ல, அப்பிடியே மாட்டுங்க. என் கிட்டார் உள்ள ஈரமே கெடையாது."

இப்போது அந்தக் கிட்டார் முன்னைவிட அதிகமாக ஊளையிடுகிறது. அறுத்த மறுவாரம் அண்ணன் வந்து மீனுவுக்குச் சின்னதாகிவிட்ட சாக்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு ஜோடி கொடுத்தேன். வெட்டிய இடத்தில் ஊளையை அடக்கத் திணித்த மஞ்சள் சாக்ஸ் எட்டிப் பார்க்க, அதோடுதான் வாசிக்கிறார்.

போன மாதம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒரு படிவம் கொடுத்தார். குழந்தை எந்தக் குரலுக்கு, எந்த ஒலிக்குத் திரும்புகிறாள், வரிசைப்படி எழுத வேண்டும். பென்சிலால் முதலில் 'அம்மா' என்று எழுதினேன். யோசித்தேன். நான் கூப்பிட்டால் இரண்டாவது முறைதான் திரும்புகிறாள். மேலே முதல் தந்தி ஒலித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கூரையைக் காட்டுகிறாள். "ஆ," என்கிறாள். அழித்துவிட்டு இரண்டாவது வரியில் என்னை எழுதினேன். முதல் வரியில் அவர். பெயர் என்ற கட்டத்தில்தான் தெரிந்தது, நான்கு வருடமாக மாடி ஏறி இறங்கியும் அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. 'சிலிக்கா' என்று எழுதி, சரியாக இருக்குமா என்று அழித்து, மறுபடி அதையே எழுதினேன்.

அடுத்த கட்டம், உறவு. அதற்குப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். தாய்மாமன்.